வந்த பிறகு என்ன, புள்ளிராஜா?

"புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?"

2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் வாழ்ந்த எவரும் இந்த ஒற்றை வரியை மறந்திருக்க முடியாது. சுவர், பேருந்தின் முதுகு, தொலைக்காட்சி என்று எங்கு திரும்பினாலும் அந்தக் கேள்வி நின்றது. சோழபுரத்திலிருந்து ராஜபாளையத்துக்குப் பேருந்தில் போய்வந்துகொண்டிருந்த எங்களுக்கு அதில் கூடுதலாக ஒரு வேடிக்கையும் இருந்தது. பெயரின் பின்பாதியில் 'ராஜா' உள்ளவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊர் ராஜபாளையம். மில்லில் ஷிப்டு முடிந்து டீக்கடையில் கூடுகிறவர்கள் ஒருவரையொருவர் "என்ன புள்ளி, சௌக்கியமா?" என்று விளித்துக்கொள்வார்கள். பெயரில் ராஜா உள்ளவர், பாவம், சிரித்துவைத்துவிட்டுக் கடந்துபோவார்.

விளம்பரம் என்ற அளவில் அது பெரிய வெற்றிதான். வாயால் சொல்லக் கூசிய ஒரு சொல்லை டீக்கடைப் பெஞ்சுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்த வாக்கியத்தின் வினைச்சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். 'வருமா?' என்பதோடு அது நின்றுவிடுகிறது. வந்த பிறகு என்ன ஆகும் என்று அந்தச் சுவர் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. வந்தால் கதை முடிந்தது என்றே ஊர் பொருள்கொண்டது.

எங்கள் பக்கத்தில் இந்தத் தொற்றோடு இருந்ததாகப் பேசப்பட்ட இருவரை அந்நாட்களில் அறிவேன். ஒருவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் உருக்குலைந்து இறந்துபோனார். மற்றவர் அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் வயல் வேலை பார்த்தார். ஊரிடம் இதற்கு விளக்கம் தயாராக இருந்தது. முன்னவர் விஷயத்தில் 'ஆடிய ஆட்டம்', பின்னவர் விஷயத்தில் 'பெண்டாட்டி செய்த புண்ணியம்'. ஒரே நோய் ஒருவரை விரைவாகவும் மற்றவரை மெதுவாகவும் கொல்வது ஏன் என்ற நியாயமான கேள்வியை ஊர் இப்படித்தான் ஒழுக்கக் கணக்காக மாற்றிக்கொண்டது.

அறிவியல் இக்கேள்விக்கு மூன்று இடங்களில் விடை தேடுகிறது. முதலாவது, நோயாளியின் உடல். எச்.எல்.ஏ. பி57 போன்ற சில மரபணுக்களோடு பிறந்தவர்கள் மருந்தின்றியே நெடுநாள் தாக்குப்பிடிப்பதுண்டு. இரண்டாவது, மருந்து. மூன்றாவது, கிருமி. ஒருவருக்கு வந்த எச்.ஐ.வி.யும் மற்றவருக்கு வந்த எச்.ஐ.வி.யும் ஒன்றுதானா என்னும் இந்த மூன்றாவது கேள்வி பொதுவெளியில் அதிகம் பேசப்பட்டதில்லை. இக்கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே. ஆனால் முடிவில் நான் வந்து நிற்க விரும்பும் இடம் கிருமி அன்று என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

*

இலக்கிய வாசகர்களுக்கு இதை விளக்க ஆய்வுக்கூடம்வரை போகவேண்டியதில்லை. ஏட்டுச்சுவடிகளிடம் போனால் போதும்.

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்கு முன் ஊர் ஊராகச் சுவடி தேடினார் என்பதை நாமறிவோம். ஒரே நூலின் பல படிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து வேறுபாடு. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். படி எடுப்பவர் தமக்குப் புரிந்தபடி எழுதுவார். அவர் செய்த பிழையை அடுத்தவர் அப்படியே பெயர்த்து, தம் பங்குக்கு ஒன்றைச் சேர்ப்பார். இப்படித்தான் பாடபேதங்கள் பிறந்தன. ஒரே பிழை இரண்டு சுவடிகளில் இருந்தால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர் ஊகிக்கிறார். பிழைகளே சுவடிகளின் குலவரலாற்றைச் சொல்கின்றன.

எச்.ஐ.வி.யும் ஒரு சுவடிதான். ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை. நம் வெள்ளணு ஒன்றுக்குள் நுழைந்ததும் அது தன்னை டி.என்.ஏ.வாகப் பெயர்த்தெழுதிக்கொள்கிறது. அதைப் பெயர்த்தெழுதும் நொதிக்கு மெய்ப்புப் பார்க்கும் பழக்கம் கிடையாது. சராசரியாக மூன்று நான்கு படிகளுக்கு ஒரு பிழை விழும். சிறிய தொகைதானே என்று தோன்றலாம். ஆனால் சிகிச்சை பெறாத ஓர் உடலில் ஒரு நாளில் ஏறத்தாழ ஆயிரம் கோடி வைரஸ் துகள்கள் உண்டாகின்றன என்று 1996இல் கணக்கிட்டார்கள். எந்த மடத்திலும் எந்த அரண்மனையிலும் நடந்திராத படியெடுப்பு இது. போதாக்குறைக்கு, ஒரே அணுவுக்குள் இரண்டு வேறு படிகள் அகப்பட்டால் இதிலிருந்து பாதி, அதிலிருந்து பாதி என்று கலப்புப்படி ஒன்றும் பிறந்துவிடும்.

உவமை இங்கே ஓரிடத்தில் முறிகிறது. சுவடியில் பிழை நேர்ந்தால் நூலுக்கு இழப்பு. வைரஸுக்குப் பெரும்பாலான பிழைகள் இழப்பே என்றாலும், சில பிழைகள் அதற்குப் பிழைப்பு. உடல் தன் காவலர்களுக்கு ஓர் அடையாளத்தைச் சொல்லி அனுப்புகிறது. அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கே இருப்பவை வேறு முகத்தோடு நிற்கின்றன. அந்த முகத்தையும் உடல் கற்றுக்கொள்ளும்போது அடுத்த முகம் தயாராக இருக்கிறது.

அப்படியென்றால் உடலுக்குள் வேறுபாடு பெருகப் பெருக நோய் முற்றுகிறதா? 1990களின் தொடக்கத்தில் மார்ட்டின் நோவக், ராபர்ட் மே முதலானோர் அப்படித்தான் முன்மொழிந்தார்கள். முகங்களின் எண்ணிக்கை ஓர் எல்லையைத் தாண்டியதும் உடலால் அத்தனையையும் நினைவில் வைத்திருக்க முடியாமல் காவல் சரிகிறது என்பது அவர்கள் கருத்து. கேட்பதற்கு அழகான கொள்கை. 1999இல் ராஜ் சங்கரப்பாவும் உடன் ஆய்வாளர்களும் ஒன்பது பேரைத் தொற்றின் தொடக்கத்திலிருந்து பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டபோது சித்திரம் இன்னும் சிக்கலாயிற்று. வைரஸ் தன் மூலப்படியிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு விலகிச் சென்றது. உடலுக்குள் இருந்த படிகளிடையே வேறுபாடும் முதலில் சீராகப் பெருகியது. ஆனால் நோய் முற்றும் கட்டத்தை நெருங்கியதும் அந்தப் பெருக்கம் நின்றுவிட்டது. சிலரிடம் குறையவும் செய்தது. இதை விளங்கிக்கொள்ள ஒரு வழி உண்டு. துரத்துபவன் இருக்கும்வரைதான் வேடம் மாற்ற வேண்டியிருக்கிறது. காவல் தளர்ந்த பிறகு மாறுவேடம் எதற்கு?

*

இனி உடலுக்கு வெளியே, ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு.

உலகெங்கும் பரவிய எச்.ஐ.வி.யின் முதன்மைக் கிளை தெற்குக் கேமரூன் காட்டுச் சிம்பன்சிகளிடமிருந்து மனிதனுக்குத் தாவி, 1920களையொட்டி இன்றைய கின்ஷாசா நகரில் வேர்பிடித்தது என்று மரபுத்தொடர் ஆய்வுகள் காட்டுகின்றன. அங்கிருந்து அது ஏ, பி, சி, டி என்று உள்வகைகளாகக் கிளைத்தது. அமெரிக்காவையும் மேற்கு ஐரோப்பாவையும் தாக்கியது பெரும்பாலும் பி. உலகத் தொற்றாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இருப்பது சி. இந்தியாவில் மிகப் பெரும்பான்மை இந்த சி உள்வகைதான்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்றுகொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்து, ரயிலேறி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது. இங்கெல்லாம் அது வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

இந்திய சி உள்வகையின் பெரும்பகுதி ஆப்பிரிக்க சி கிளையிலிருந்து பிரிந்த நெருங்கிய உறவுக் கூட்டம். வந்தவை சில, பெருகியவை பல. ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர் வெள்ளை நாய்கள், இளஞ்சிவப்பு மூக்கோடு, ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்த்ததுபோல இருப்பதும், அவற்றில் சில செவிடாகப் பிறப்பதும் இதே கதைதான். குறுகிய வாயில் வழியாக வந்த குலம், முன்னோரின் குணத்தையும் குறையையும் சேர்த்தே சுமக்கிறது.

குலத்துக்குக் குலம் குணம் வேறுபடுமா? வேறுபடும். உகாண்டாவில் ஏ, டி ஆகிய இரண்டும் அக்கம்பக்கத்தில் புழங்குவதால் அங்கே ஒப்பிட முடிந்தது. டி தொற்றியவர்களுக்கு நோய் விரைந்து முற்றியது. மேற்கு ஆப்பிரிக்காவில் வேறொரு குரங்கினத்திடமிருந்து வந்த எச்.ஐ.வி.-2 மெல்ல நடப்பது. சி உள்வகையைப் பற்றி அப்படி ஒற்றைத் தீர்ப்புக் கிடையாது. ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. ஆயினும் அதற்கென்று சில தனிக்குணங்கள் உண்டு. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்தின் உதயகுமார் ரங்காவும் குழுவினரும் 2004இல் ஒன்றைக் காட்டினர். சி உள்வகையின் 'டாட்' என்ற புரதத்தில் 31ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அந்த ஒற்றை எழுத்து மாற்றத்தால், அழற்சி அணுக்களைத் தன்பால் ஈர்க்கும் அதன் ஆற்றல் குறைகிறது. எச்.ஐ.வி. மூளையைத் தாக்கி உண்டாக்கும் மறதிநோய் இந்தியாவில் குறைவாகக் காணப்பட்டதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. ஒரு எழுத்து மாறினால் பொருள் மாறும் என்று யாப்பும் நிகண்டும் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

மறுபக்கமும் உண்டு. 2022இல் நெதர்லாந்தில் புழங்கிய பி உள்வகையின் ஒரு கிளை பற்றிய ஆய்வு வெளிவந்தது. அது தொற்றியவர்களிடம் சி.டி.4 வெள்ளணுக்கள் வழக்கத்தைவிட இருமடங்கு வேகத்தில் வீழ்ந்தன. முப்பதுகளில் உள்ள ஒருவர் சிகிச்சையின்றி இருந்தால், தொற்று கண்டறியப்பட்டு ஒன்பதே மாதங்களில் முற்றிய கட்டத்தை எட்டிவிடுவார் என்று கணித்தார்கள். செய்தி வந்த வேகத்தில் 'வீரிய வைரஸ்' என்று தலைப்புகள் ஓடின. அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியைத் தலைப்புகள் விட்டுவிட்டன. சிகிச்சை தொடங்கியபின் இவர்களும் மற்றவர்களைப் போலவே தேறினார்கள்.

இது தற்செயலன்று. மருந்தின் தத்துவமே படியெடுப்பை நிறுத்துவதுதான். 1987இல் வந்த முதல் மருந்தை மட்டும் தனியே கொடுத்தபோது, அதற்கு வளையாத படி ஒன்று விரைவில் தலைதூக்கியது. 1996 முதல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்றையும் ஒருசேர ஏமாற்ற ஒரே படியில் பல பிழைகள் ஒன்றாக விழவேண்டும்; ஆயிரம் கோடிக்கும் அது எளிதன்று. படியெடுப்பு நின்றால் பாடபேதமும் நிற்கிறது. மாத்திரையை விட்டுவிட்டு விழுங்கினால் மட்டுமே மீண்டும் வைரஸுக்கு வாய்ப்பு. 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம் ஆண்டுக்கு 350 டாலருக்கு இக்கூட்டு மருந்தைத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு இதை இலவசமாக வழங்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய அரசு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. 2017இலிருந்து வெள்ளணுக் கணக்குப் பாராமல், தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே சிகிச்சை என்றாயிற்று.

*

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ரத்தம் கொடுத்த இருவரைப் பற்றிய இரண்டு நிகழ்ச்சிகள்.

முதலாவது சிட்னியில். 1980களின் தொடக்கத்தில், பரிசோதனை ஏதும் இல்லாத காலத்தில், ஒருவர் கொடுத்த ரத்தம் பலருக்கு ஏற்றப்பட்டது. அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆனால் கொடுத்தவரும் பெற்றவர்களும் ஆண்டுக்கணக்கில் மருந்தின்றி நலமாக இருந்தார்கள். 1995இல் காரணம் வெளிவந்தது. அவர்கள் எல்லோரிடமும் இருந்த வைரஸில் 'நெஃப்' என்ற மரபணுவின் ஒரு பகுதி விடுபட்டிருந்தது. ஏட்டில் சில வரிகள் சிதைந்துபோன சுவடி. அதனால் வலிமை குன்றிய நோய். அதுவும் முழுக்கச் சாது அன்று. 1999இல் அந்தக் கொடையாளர் சிகிச்சை தொடங்க வேண்டியிருந்தது. ஆயினும் வைரஸின் மரபமைப்பு நோயின் போக்கை எவ்வளவு தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

இரண்டாவது எங்கள் விருதுநகர் மாவட்டத்தில். 2018 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றப்பட்டது. அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவர் இருபது வயது நிறையாத இளைஞர். பிறிதொரு மருத்துவப் பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும், தம் ரத்தம் எவருக்கும் போய்விடக் கூடாதே என்று தாமே முன்வந்து தகவல் சொன்னார். அதற்குள் காலம் கடந்திருந்தது. 2016இலேயே அவர் ரத்தம் கொடுத்தபோது தொற்று தென்பட்டிருந்தது என்றும், அவருக்கு அது சொல்லப்படவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. டிசம்பர் இறுதியில் அந்த இளைஞர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 2019 ஜனவரியில் மதுரையில் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. தாய்க்கு உடனே கூட்டு மருந்து தொடங்கப்பட்டிருந்தது. பின்னர் நடந்த பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தது.

சிட்னியில் நோயின் போக்கை மாற்றியது வைரஸ். சாத்தூரில் வைரஸ் மாறவில்லை. ஓர் உடலிலிருந்து நேரே மற்றோர் உடலுக்குச் சென்ற அதே சுவடி. பாடபேதம் பேசுவதற்கு இடமே இல்லை. ஆனால் முடிவுகள் மூன்று. குழந்தையிடம் அது போய்ச் சேரவே இல்லை. தாய்க்கு உரிய நேரத்தில் மருந்து கிடைத்தது. ரத்தம் கொடுத்தவர் சில வாரங்களில் இறந்தார்.

டி உள்வகை சில ஆண்டுகளில் முற்றும். நெதர்லாந்துக் கிளைக்கு ஒன்பது மாதம். எச்.ஐ.வி. பொதுவாகச் சில வாரங்களில் எவரையும் கொல்வதில்லை. அந்த இளைஞரைக் கொன்றது வைரஸ் அன்று. ஒருவர் தம் உயிரை ஏன் விட்டார் என்று முழுவதும் சொல்ல வெளியே நிற்கும் எவராலும் இயலாது. அதை விளக்கிவிட்டதாக நான் பாவிக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல முடியும். 2016இல் ஒருவர் அவரை ஓர் அறைக்குள் அழைத்து உட்காரவைத்து, "தம்பி, உனக்கு இது இருக்கிறது. மாத்திரை இருக்கிறது. தினமும் சாப்பிட்டால் மற்றவர்களைப் போல நீண்டநாள் வாழலாம்" என்று சொல்லியிருந்தால், பிறகு நடந்த எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அப்படிச் சொல்வதற்கென்றே அரசு மருத்துவமனைகளில் ஓர் அறை உண்டு. அதற்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். நல்ல பெயர்தான்.

*

அப்படியானால் வைரஸ் மரபணு ஆய்வெல்லாம் வீண் வேலையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நிச்சயமாக இல்லை. நெதர்லாந்துக் கிளை கண்டுபிடிக்கப்பட்டதே நோயாளிகளின் வைரஸ்களைத் தொடர்ந்து வரிசைப்படுத்தி வந்ததால்தான். எந்த மருந்துக்கு எந்தப் படி வளையவில்லை என்பதை அறியவும் அது உதவுகிறது. 2006இல் சென்னைக் காசநோய் ஆய்வு மையத்தில் சி உள்வகையை அடிப்படையாகக் கொண்ட தடுப்பூசி ஒன்று முதற்கட்டமாகச் சோதிக்கப்பட்டது. இன்றுவரை உலகில் எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி இல்லை. அதற்குப் பெருந்தடை இந்த ஓயாத பாடபேதமே. அந்த ஆய்வு இன்னும் பெருக வேண்டும்.

நான் மறுப்பது ஒன்றைத்தான். வைரஸின் வீரியத்தைப் பேசி நம் வீரியமின்மையை மறைத்துக்கொள்வதை. கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கும் நாட்டில், ஒருவருக்கு வந்தது எந்த உள்வகை என்பதைவிட, அவருக்கு அது எப்போது தெரிந்தது, யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள், சொன்ன பிறகு வீட்டிலும் தெருவிலும் அவருக்கு என்ன மரியாதை மிஞ்சியது என்பவையே நோயின் போக்கைத் தீர்மானிக்கின்றன. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், தொற்றாளரை வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வேறுபடுத்தி நடத்துவதைத் தடைசெய்கிறது. சம்மதமின்றி ஒருவர் நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்று மாதம் கூட ஆகியிருக்கவில்லை, சாத்தூர் நிகழ்ந்தபோது. சட்டத்தை ஒரே நாளில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிடலாம். டீக்கடைப் பெஞ்சுக்கு அது வந்துசேர நாளாகும்.

எங்கள் பக்கத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்த அந்த இரண்டாமவரை இப்போது நினைத்துக்கொள்கிறேன். அவர் உடலில் பி57 இருந்ததா, வைரஸில் ஏதேனும் வரி விடுபட்டிருந்ததா, யாருக்கும் தெரியாது, யாரும் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். ஊர் பேசிய காலத்திலும் அவர் மனைவி அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டார். மாதந்தோறும் இருவருமாக மதுரைப் பேருந்தில் ஏறிப் போய் மாத்திரை வாங்கிவந்தார்கள். 'பெண்டாட்டி செய்த புண்ணியம்' என்று ஊர் சொன்னபோது அந்தக் காலத்தில் எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், காரணத்தை ஊர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. புண்ணியம் என்ற சொல்லைத்தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

அந்தச் சுவர்களில் இப்போது வேறு விளம்பரங்கள் வந்துவிட்டன. புள்ளிராஜாவை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அவரை மறுபடி சுவரில் எழுத எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தால், அந்த வாக்கியத்தை இப்படி மாற்றுவேன்: 'புள்ளிராஜாவுக்கு வந்துவிட்டது. அவரிடம் யார் சொல்லப்போகிறீர்கள்?'